கார்டை மட்டும் கையில் வாங்காதே தம்பி!

(மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் மாணவன்)



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், பிரிவு, கண்ணீர்... இதையெல்லாம் எழுத நம்மிடம் கவிஞர்கள் ஏராளம். நான் எழுதப் போவது காசு விஷயம். அதுவும் நம்ம காசு அல்ல. நம்ம வீட்டுப் பெண்கள் பயராபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் முதுகு வலிக்க உட்கார்ந்து சம்பாதித்த காசு.

ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் நண்பர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஏ.டி.எம். வாசலில் ஒரு அவ்வாவோ பெரியம்மாவோ நிற்பார்கள். கையில் மஞ்சப்பை, அதற்குள் சுருக்குப்பை, அதற்குள் கார்டு. நம் தோளில் தொங்கும் பையைப் பார்த்ததுமே, "ஏய்யா, படிக்கிற பிள்ளையா? இதுல ரெண்டாயிரம் எடுத்துக் குடுத்துட்டுப் போய்யா" என்பார்கள். கார்டோடு சேர்த்து அந்த நாலு எண்ணையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார்கள். சிலர் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். நாமும் எடுத்துக் கொடுப்போம். "நல்லா இருய்யா" என்று வாழ்த்து கிடைக்கும். மனசு குளிர்ந்து போகும்.

அந்த உதவியை நாம் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. கோபப்படாதீர்கள், முழுசாகப் படியுங்கள்!

ஏ.டி.எம். திருடன் கத்தியோடு வருவதில்லை. நம்மை மாதிரியே வருகிறான். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு, "குடுங்கம்மா, நான் எடுத்துத் தாரேன்". கார்டைச் செருகுகிறான், அவர்கள் சொல்லும் எண்ணை அமுக்குகிறான். கேட்ட பணத்தை எடுத்தும் கொடுத்துவிடுவான். இல்லையென்றால் "மிஷின்ல பணம் இல்லம்மா" என்பான். திருப்பித் தருவது மட்டும் வேறு கார்டு! அதே பேங்க், அதே நிறம், காலாவதியான கார்டு. கார்டில் பெயர் இருந்தாலும் இங்கிலீஷில் இருக்கும், சில கார்டுகளில் அதுவும் இருக்காது. அவ்வாவுக்கு எப்படித் தெரியும்? சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் பணம் எடுக்க வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். தென் மாவட்டச் செய்தித்தாள்களில் இந்தச் செய்தியைப் படிக்காதவர்கள் நம்மில் யாராவது உண்டா?

இதில் இன்னொரு நுணுக்கம். எஸ்.பி.ஐ. தன் ஏ.டி.எம்.களில் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுக்க ஓ.டி.பி. கேட்கும் முறையை 2020 ஜனவரியில் இரவு நேரத்துக்கும், செப்டம்பரில் 24 மணி நேரத்துக்கும் கொண்டு வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 9,500 எடுத்தால்? தினசரி வரம்பும் நடுராத்திரி தேதி மாறினால் புதிதாகத் தொடங்கிவிடும். பதினொன்றரைக்கு ஒரு தடவை, பன்னிரண்டரைக்கு ஒரு தடவை என்று கை வைத்தால் விடிவதற்குள் ரெண்டு நாள் பணம் காலி. அந்த எஸ்.எம்.எஸ். எங்கே போகும்? திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முக்கு!

திருடன் ஏன் நம்ம அவ்வாவைத் தேடி வருகிறான்? நம்ம டிப்பார்ட்மெண்ட் விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1967 ஜூன் 27 அன்று லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் மிஷினைத் திறந்தது. அதை உருவாக்கிய ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம் நாட்டு ஷில்லாங்கில். அவர் மனைவிக்கு நாலு எண்ணுக்கு மேல் ஞாபகம் நிற்காதாம், அதனால்தான் பின் நம்பர் நாலு இலக்கம் ஆனது என்பார்கள். இந்தியாவுக்கு ஏ.டி.எம். வந்தது 1987-ல், மும்பையில். பிறகு ரொம்ப காலம் கார்டின் முதுகில் இருந்த கறுப்புக் காந்தப் பட்டைதான் எல்லாம். டேப் ரிக்கார்டர் நாடா மாதிரிதான் அதுவும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகல் எடுத்துவிடலாம்.

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் எஸ்.பி.ஐ. ஏ.டி.எம். ஒன்றில் இதுதான் நடந்தது. ருமேனியாவிலிருந்து வந்த கும்பல், புகை கண்டறியும் கருவி மாதிரியே ஒன்றைக் கூரையில் மாட்டிவிட்டுப் போனது. அதற்குள் கேமரா! கார்டு விவரத்தையும் பின் நம்பரையும் திருடி, போலிக் கார்டு செய்து மும்பையில் பணம் எடுத்தார்கள். ஒருவன் மும்பையிலேயே பிடிபட்டான். அதற்கு முன்பே ரிசர்வ் வங்கி 2018 டிசம்பர் 31-க்குள் பழைய கார்டுகளை மாற்றி சிப் கார்டு தரச் சொல்லியிருந்தது. சிப் ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும், அதை நகல் எடுப்பது லேசல்ல.

2021 ஜூனில் சென்னையில் வடநாட்டுக் கும்பல் ஒன்று மிஷினையே ஏமாற்றியது. பணம் போடவும் எடுக்கவும் பயன்படும் மிஷினில், வெளியே வந்த நோட்டை எடுத்துக்கொண்டு, சென்சாரை மறைத்து, பணம் உள்ளே திரும்பிவிட்டதாக அதை நம்ப வைத்தார்கள். நஷ்டம் வங்கிக்கு. அந்த மிஷின்களில் பணம் எடுப்பதையே எஸ்.பி.ஐ. அப்போது நிறுத்தி வைத்தது.

சிப்பை நகல் எடுக்க முடியாது, மிஷின் ஓட்டையை வங்கி அடைத்துவிடும். பாக்கி என்ன? நிஜக் கார்டு, நிஜ நம்பர். ரெண்டையும் மனசார எடுத்து நீட்டும் ஒரு கை. "படிக்கிற பிள்ளை கேட்டா கார்டைக் குடுக்கலாம்" என்று அந்தக் கைக்குப் பழக்கிவிட்டது யார்? நாம்தான்! நாம் நாணயமாக எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு தடவையும், நமக்குப் பின்னால் வருகிறவனுக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, அதுவரை ஏ.டி.எம். பக்கமே போகாத பெண்கள் கைக்கும் கார்டு வந்தது. கார்டு வந்தது, சொல்லிக் கொடுக்க ஆள் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வாடிக்கையாளர் மேல் தப்பில்லாமல் வெளியாள் திருடி, மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு நஷ்டமில்லை. ஆனால் பின் நம்பரைத் தானே சொல்லியிருந்தால் அது அவருடைய கவனக்குறைவு. புகார் செய்யும் வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். புகார் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போனால் வங்கி பொறுப்பு. அதனால் முதலில் வங்கிக்குப் போன் போட்டு கார்டை முடக்குங்கள், அடுத்து 1930. அழுகை, பஞ்சாயத்து, பக்கத்து வீட்டு யோசனை எல்லாம் பிறகு.

"அவுங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதேப்பா" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு குரோசுக்கு 144 பெட்டி, இன்றைக்கு எத்தனை குரோஸ், கூலி எவ்வளவு, அட்வான்சில் பிடித்தது எவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொல்கிற பெண்களுக்கா நாலு எண் அமுக்கத் தெரியாது? ஏ.டி.எம். பொத்தான் வரிசையும் செல்போன் வரிசையும் ஒன்றுதான். மிஷினில் தமிழும் இருக்கிறது. இல்லாதது நம்முடைய பொறுமை!

அதனால் அடுத்த தடவை, "அவ்வா, கார்டு உங்க கையிலயே இருக்கட்டும், நான் சொல்லுதேன், நீங்க போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். நம்பர் அமுக்கும்போது ஒரு கையால் மறைக்கச் சொல்லிவிட்டு, நாம் கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கலாம். முதல் தடவை பத்து நிமிஷம் ஆகும், பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டுவார். கொட்டட்டும்! கணக்கில் பணம் குறைந்து, மிஷினிலிருந்து நோட்டு வராவிட்டாலும் பதற வேண்டாம். ஐந்து நாளில் தானாகத் திரும்ப வர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019 செப்டம்பர் உத்தரவு. அந்தப் பதற்றத்தில்தான் "நான் பார்க்கட்டுமா?" என்று ஒருத்தன் உள்ளே நுழைவான்.

ஒரு வதந்தியையும் இங்கேயே புதைத்துவிடுகிறேன். பின் நம்பரைத் தலைகீழாகப் போட்டால் போலீஸ் வரும் என்று நம் ஹாஸ்டலிலேயே நம்புகிறார்கள். 1221 என்று வைத்திருப்பவர் தலைகீழாக எதைப் போடுவாராம்?

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பேனர் பிடித்து ஊர்வலம் போய் போட்டோ எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தீபாவளி போனஸ் கைக்கு வருவதற்கு முன்னால், ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெண் ஒருவரை ஏ.டி.எம்.முக்குக் கூட்டிப் போய், மூன்று தடவை அவரையே எடுக்க வைத்தால் போதும். உறையில் எழுதிய நம்பரைக் கிழித்துப் போட்டு, புது நம்பர் வைக்கச் சொல்லுங்கள். வங்கியில் அவர் கையில் இருக்கும் போன் நம்பரைப் பதிவு செய்யுங்கள். கார்டின் முன்பக்கம், சிப்பில் படாமல், அவர் பெயரைத் தமிழில் பெரிசாக எழுதிக் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எழுதுவதற்கு, லேபில் பி.சி.பி. வரைய நாம் வைத்திருக்கும் அழியாத மார்க்கரே போதும்.