போகிமொனும் எங்கள் ஊர் வொய்ஸ் கட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் எப்படியாவது வாசியுங்கள்.

கடந்த வாரம் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வொய்ஸ் கட் சுற்றியது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். போகிமொன் என்ற சொல்லுக்கு ஜப்பான் மொழியில் "நான் யஹூதி" என்று அர்த்தமாம். பிள்ளைகளின் பேக், பென்சில் பொக்ஸ், போன் எல்லாவற்றையும் இன்றே சோதிக்க வேண்டுமாம். பத்துப் பேருக்கு அனுப்பவும் வேண்டுமாம். பேசியவர் யாரென்று தெரியாது. ஆனால் அவரது குரலில் உண்மையான கவலை இருந்தது. அந்தக் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் தரம் 8இல் விஞ்ஞான பாடம். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்த வொய்ஸ் பொய் சேர். நான் தேடிப் பார்த்த. பொக்கட் மொன்ஸ்டர்ஸ் என்டதத்தான் சுருக்கி போகிமொன் என்டு சொல்ற. பெரியாக்கள் இப்படித்தானே சேர், தெரியாமலே பேசுவாங்க" என்றான். வகுப்பே சிரித்தது.

அவன் சொன்னது சரி. அந்தக் கடைசி வசனம்தான் எனக்கு அன்றிரவு முழுக்க உறுத்தியது.

எனக்கு இந்தக் கதை புதிதல்ல. 2000ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. சவூதியில் சாரதியாக இருந்த என் சாச்சா லீவில் வரும்போது மஞ்சள் நிறத்தில் பிகாச்சு படம் போட்ட பென்சில் பொக்ஸ் ஒன்று கொண்டு வந்து தந்தார். அது என்ன மிருகம் என்று எனக்குத் தெரியாது, முயல் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்கூலில் அதைத் திறந்து மூடிக் காட்டுவதே ஒரு பெருமை. அடுத்த லீவுக்கு வந்த அதே சாச்சா, வந்த அன்றே அதைக் கேட்டு வாங்கி அடுப்பில் போட்டார். "அது ஹராம் மகன், அங்க எல்லாம் தடை செஞ்சிட்டாங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "யஹூதிட சாமான்" என்றார். பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் உம்மாவின் குசினியில் இரண்டு நாள் நின்றது.

அன்று சாச்சா சொன்னதில் பாதி உண்மை. 2001 மார்ச்சில் சவூதி அரேபியாவில் போகிமொன் விளையாட்டுக்கும் அட்டைகளுக்கும் எதிராக பத்வா வெளியானது. அப்போது கிராண்ட் முப்தியாக இருந்தவர் ஷெய்க் அப்துல் அஸீஸ் ஆலுஷ் ஷெய்க். அதில் பல காரணங்கள் சொல்லப்பட்டன. அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கி, போட்டி போட்டு, மாற்றிக்கொள்வது சூதாட்டத்தை ஒத்திருக்கிறது என்பது ஒன்று. ஆறு முனை நட்சத்திரம், சிலுவை போன்ற குறிகள் இருக்கின்றன என்பது இன்னொன்று. பரிணாமக் கொள்கையைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது என்பது மூன்றாவது.

இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. ஆனால் மத்திய கிழக்கில் பரவி எங்கள் ஊர் வரை வந்தது எது தெரியுமா? பத்வாவில் இருந்த சூதாட்டக் காரணம் அல்ல, சந்தையில் யாரோ கட்டிய "நான் யஹூதி" என்ற வதந்தி. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதேதான் வட்ஸ்அப்பில் வருகிறது.

அந்தக் கேமைச் செய்தவர் சதோஷி தஜிரி என்ற ஜப்பானியர். சின்ன வயதில் டோக்கியோவுக்குப் பக்கத்தில் வயலிலும் குளத்தங்கரையிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். ஊர் நகரமாகிப் பூச்சிகள் இல்லாமல் போக, அந்த விளையாட்டை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தார். 1996இல் கேம் போய் என்ற சின்னக் கருவியில் அது வந்தது. நாங்கள் தும்பி பிடித்து நூல் கட்டிப் பறக்கவிட்டோமே, ஏறக்குறைய அதே விளையாட்டுத்தான். பரிணாமம் என்று சொல்லப்படுவதையும் ஒரு விஞ்ஞான ஆசிரியராகச் சொல்கிறேன்: அதில் புழு கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாகிறது. நாங்கள் வகுப்பில் அதை உருமாற்றம் என்று படிப்பிக்கிறோம். டார்வின் சொன்ன விசயம் வேறு. கேமில் அந்தப் பெயரைப் போட்டது அவர்களின் பிழை.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அரபு நாடுகளில் இதை யஹூதிகளின் சதி என்று சொல்வதற்கு ஒரு வருடத்துக்கு சற்று முன், 1999 டிசம்பரில், அமெரிக்காவில் யூத அமைப்பொன்று இதே போகிமொன் அட்டைகளுக்கு எதிராக முறையிட்டது. ஜப்பானிய அட்டை ஒன்றில் நாசிகளின் ஸ்வஸ்திகா போன்ற குறி இருந்ததுதான் காரணம். ஜப்பானில் அது மன்ஜி, பௌத்த கோயிலைக் காட்டும் குறி. அங்கு வரைபடத்தில் கோயில் இருக்கும் இடத்துக்கு அதைத்தான் போடுவார்கள். பார்த்தவர்களுக்கு நினைவு வந்ததோ ஹிட்லர். கம்பனி அந்த அட்டையை நிறுத்தியது.

அடுத்த வருடம் கரோல் பொஸ்டன் வெதர்போர்ட் என்ற கறுப்பின எழுத்தாளர் ஜிங்ஸ் என்ற பாத்திரத்தைப் பற்றி எழுதினார். கறுப்பு முகம், பெரிய உதடு. கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி நடித்த பழைய நாடகங்களின் உருவம் அது என்றார். ஜப்பானில் யாருக்கும் அது உறைக்கவில்லை. பிறகு அந்த முகம் ஊதா நிறமானது.

ஜப்பானியர்களுக்குப் போகிமொன் என்றதும் நினைவுக்கு வந்த அச்சம் வேறு. 1997 டிசம்பர் 16ஆம் திகதி ஒளிபரப்பான கார்ட்டூன் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பிள்ளைகள், வலிப்பு, மயக்கம் என்று வைத்தியசாலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். நான்கு மாதம் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஒளி மின்னுவதற்குக் கட்டுப்பாடு வந்தது.

ஒரே கேம்தான். ஒவ்வொருவரும் தங்கள் உடம்பில் எங்கே காயம் இருக்கிறதோ அங்கே கையை வைத்தார்கள். இதில் ஜப்பானியர்களும் விதிவிலக்கல்ல. 2008இல் ஃபோல்அவுட் 3 என்ற அமெரிக்க கேம் அங்கு போனபோது, அணுகுண்டால் ஒரு ஊரை அழிக்கும் தெரிவை ஜப்பானியப் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு ஆயுதத்தின் பெயரையும் மாற்றினார்கள். நாகசாகியில் போட்ட குண்டின் பெயர் அது. அமெரிக்கப் பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டு. நாகசாகியில் வாழும் ஒருவருக்கு அது விளையாட்டா?

ஆகவே "இதெல்லாம் சும்மா கேம்தானே, எங்கட ஆக்கள் தேவையில்லாமல் குதிக்கிறாங்க" என்று சொல்லும் படித்த தம்பிமாருக்கும் நான் உடன்பாடில்லை. எங்கள் கோபம் எல்லாமே வதந்தி அல்ல. 2002 இறுதியில் ககுட்டோ சோஜின் என்ற சண்டை கேம் வந்தது. செய்தது ஜப்பானியக் கம்பனி, வெளியிட்டது மைக்ரோசொப்ட். அதில் ஒரு பாத்திரத்தின் பின்னணி இசைக்குள் குர்ஆன் ஓதல் கலந்திருந்தது. ஆள் ஆளை அடித்து விழுத்தும்போது பின்னால் ஓதல் கேட்கிறது. முஸ்லிம் நாடுகளில் எதிர்ப்பு வந்தது. 2003 தொடக்கத்தில் அந்த கேமையே சந்தையிலிருந்து திருப்பி எடுத்தார்கள். செல்டா வரிசையில் 1998இல் வந்த பிரபலமான கேமிலும் நெருப்புக் கோயில் என்ற இடத்தில் இதுபோன்ற ஓதல் ஒலி இருந்தது. பிந்திய பதிப்புகளில் அந்த இசையையும், அதிலிருந்த பிறை நட்சத்திரக் குறியையும் மாற்றினார்கள். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒலித் தொகுப்பில் கிடைத்த "கிழக்கத்திய" சத்தம் ஒன்றை, அது என்னவென்று விசாரிக்காமல் ஒட்டியிருக்கிறார்கள். அது குர்ஆன் என்று எடுத்துச் சொன்னவர்களிடம் ஆதாரம் இருந்தது, யார் வேண்டுமானாலும் காதால் கேட்கலாம். வொய்ஸ் கட்டில் அது இல்லை.

இனி சூதாட்டத்துக்கு வருகிறேன்.

நான் மௌலவி அல்ல, பத்வா சொல்ல வரவில்லை. ஆனால் 2001இல் சொல்லப்பட்ட அந்த ஒரு காரணத்தை மற்ற நாடுகளும் பிறகு வேறு வழியால் கண்டுகொண்டன. பழைய போகிமொன் கேம்களுக்குள் ஸ்லொட் மெஷின் வைத்த சூதாட்டக் கூடம் ஒன்று இருந்தது. பத்து வயதுப் பிள்ளை காசுக்குப் பதில் கேமில் கிடைக்கும் நாணயம் போட்டு விளையாடலாம். ஜப்பானில் அது பெரிய விசயமாகத் தெரியவில்லை, அங்கு தெருவுக்குத் தெரு பச்சிங்கோ கடை. தென் கொரியப் பதிப்பில் அதை எடுத்தார்கள். ஐரோப்பாவில் வயது மதிப்பீடு கடுமையானது. 2010இல் வெளிநாடுகளுக்குப் போன பதிப்பில் ஸ்லொட் மெஷினுக்குப் பதில் ஒரு எண் புதிர் வந்தது. அடுத்தடுத்த புதிய கேம்களில் அந்தக் கூடமே இல்லை.

ஜப்பானும் பிறகு விழித்தது. அங்கு கடைவாசல்களில் காசு போட்டுத் திருகினால் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை விழும் மெஷின் இருக்கிறது. அது திருகும் சத்தத்தை வைத்து கச்சா என்பார்கள். அதை போன் கேம்களுக்குள் கொண்டு வந்தார்கள். காசு கொடுத்தால் ஏதோ ஒன்று விழும், என்ன விழும் என்று தெரியாது. இன்னும் மோசமான வகையில், இப்படி விழுபவற்றில் குறித்த ஐந்தாறை முழுதாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு. கடைசி ஒன்று மட்டும் விழவே விழாது. பிள்ளைகள் பெற்றாரின் காசை அள்ளி இறைக்க, 2012 மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகவரகம் இந்தச் சேர்க்கும் வகையைச் சட்டவிரோதம் என்றது. 2018இல் பெல்ஜியம் இன்னும் ஒரு படி மேலே போய், காசுக்குத் திறக்கும் இப்படியான பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

எங்கள் ஊருக்கு வருவோம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு உம்மா என்னைத் தேடி ஸ்கூலுக்கு வந்தார். எந்த வகுப்பு, யாருடைய பிள்ளை என்று எழுத மாட்டேன். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் வாப்பா கட்டாரில். அவர் அனுப்பிய காசில் 41,000 ரூபா மூன்று வாரத்தில் இல்லை. உம்மாவின் வங்கி அட்டை ஒருமுறை எதற்கோ போனில் போடப்பட்டு அப்படியே இருந்திருக்கிறது. பிள்ளை ஒரு கேமில் துப்பாக்கிக்கு நிறம் எடுக்க சக்கரம் சுற்றியிருக்கிறான். ஒவ்வொரு சுற்றுக்கும் டயமண்ட், ஒவ்வொரு டயமண்டுக்கும் காசு. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். விளம்பரம் என்று நினைத்து அவர் அழித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏசவில்லை. "அடுத்த சுத்துல விழும் என்டுதான் சேர் நினைச்ச" என்றான்.

அந்த உம்மா பிள்ளை கேம் விளையாடுவது தெரியாதவர் அல்ல. அதில் சிலுவை இருக்கிறதா, நட்சத்திரம் இருக்கிறதா என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒருமுறை பார்த்தும் இருக்கிறார். ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். சக்கரத்தைப் பற்றி அவருக்கு யாரும் வொய்ஸ் கட் அனுப்பவில்லை.

எனக்கு இருக்கும் பயம் இதுதான். தரம் 8 பிள்ளைக்கு நாங்கள் சொன்ன ஒன்று பொய் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நாளைக்கு நான் அவனிடம் சக்கரம் சுற்றுவது சூது என்று சொல்வேன். அது உண்மை. ஆனால் அவன் மனதில் "பெரியாக்கள் இப்படித்தானே" என்று ஓடாதா? எங்கள் வாயில் மிச்சமிருக்கும் நம்பிக்கையை இப்படியான வொய்ஸ் கட்களுக்குச் செலவழித்துவிட்டால், தேவையான நேரத்தில் கையில் என்ன இருக்கும்?

ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் போகிமொன் கோ வந்தபோது சவூதியில் அந்தப் பழைய பத்வா மீண்டும் வெளியே வந்தது. சவூதி அரச முதலீட்டு நிதியமோ 2023இல் நின்டெண்டோ கம்பனியில் 8 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தது. 2025இல் அந்த நிதியத்துக்குச் சொந்தமான ஒரு கம்பனி 3.5 பில்லியன் டொலர் கொடுத்து போகிமொன் கோவை நடத்தும் வியாபாரத்தையே வாங்கியது. இதை சாச்சாவிடம் சொன்னேன். இப்போது அவர் ஊரோடுதான் இருக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப உன்ட பெட்டிய சும்மா எரிச்சிட்டேனா மகன்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். என்ன பதில் சொல்வது?

வரும் சனிக்கிழமை காலை பெற்றார் கூட்டம் இருக்கிறது. பிள்ளை பாவிக்கும் போனைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறை எதையாவது வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றுவது இரண்டு நிமிட வேலை. போனில் அட்டை இலக்கம் சேமிக்கப்பட்டிருந்தால் அதையும் எடுத்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீட்டு உம்மாமார் வங்கிக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்ப்போம். நான் ஒருவன் அத்தனை போனையும் பார்ப்பது கஷ்டம். அந்தத் தரம் 8 பிள்ளையைக் கேட்டேன். அவனும் இன்னும் மூன்று பேரும் காலை எட்டரைக்கே வந்து உதவி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.