ரோபோவுக்கு முன் பிசியோதெரபிஸ்ட்

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரின் காலில் மோட்டார் பொருத்திய சட்டத்தை மாட்டி நடக்கவைக்கும் ரோபோக்கள், வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளும் அவற்றை வாங்கட்டும். ஆனால் யாருக்காக, எப்போது பயன்படுத்த என்பதை முடிவுசெய்த பிறகு வாங்கட்டும்.

எழுந்து நிற்கவே முடியாதவரை நடக்கவைக்க ஒருவர் இடுப்பைத் தாங்க வேண்டும்; இன்னொருவர் குனிந்து, வராத காலை எடுத்துவைக்க வேண்டும். சில நிமிடங்களில் மூவருக்கும் மூச்சு வாங்கிவிடும். இயந்திரம் களைப்பதில்லை. திரும்பத் திரும்ப அடியெடுத்து வைப்பதால்தான் மூளை நடையை மீண்டும் கற்கிறது என்பதால், இது சாதாரண உதவியல்ல.

62 சோதனைகளை, 2,440 நோயாளிகளின் விவரங்களோடு அலசிய 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வும் இதை ஏற்கிறது. பிசியோதெரபியுடன் சேர்த்து இயந்திரப் பயிற்சியும் பெற்றவர்கள், பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களுக்கும் அறவே நடக்க முடியாதவர்களுக்கும்தான் பலன் அதிகம். ஓரளவு நடப்பவர்களின் கதை வேறு. டிரெட்மில்லோடு இணைந்த லோகோமாட் என்ற ரோபோவை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான சோதனையில், வழக்கமான பயிற்சி பெற்றவர்களே நடை வேகத்திலும் தூரத்திலும் முந்தினார்கள். சமநிலைக்கும் ஆள் வேண்டும். பெரும்பாலான சட்டங்கள் தாமாக நிற்பதில்லை. வாக்கரோ ஊன்றுகோலோ கூடவே தேவை.

விலையும் சிறியதல்ல. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒரு சட்டத்துக்கு அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர் 2024இல் நிர்ணயித்த தொகை சுமார் 91,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 75 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் எத்தனை பிசியோதெரபிஸ்டுகளுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உயிர் பிழைத்ததே பெரிது என்று வீடு திரும்பி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் அந்த மூன்று மாதங்களையும் வீணாக இழக்கிறார்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற யோசனையும் இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், 1,250 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு: கூடுதல் பலன் இல்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசின் திட்டம், வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுபோகிறது. நம்மிடம் இருக்கும் சரியான வழி இது. பக்கவாத நோயாளி மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் அன்றே அவர் பெயர் இந்தத் திட்டத்தில் ஏற வேண்டும். சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து கைப் பயிற்சிக்கு ‘புளூட்டோ’ என்ற ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. காலுக்கும் அப்படியொன்றை உருவாக்க அரசு பணம் ஒதுக்கலாம்; வெளிநாட்டுச் சட்டங்களை வாங்கிக் குவிப்பதைவிட அது மேல்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ரோபோ வரட்டும். முதல் மூன்று மாதத்து நோயாளிகளுக்கே அதில் முன்னுரிமை கிடைக்கட்டும். ஆனால் நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒரு வரி எழுதுவதற்கு முன், காலியாக உள்ள பிசியோதெரபிஸ்ட் பணியிடங்களை அரசு நிரப்ப வேண்டும்.