டப்பாவில் உள்ள எண்ணை நம்பி பம்ப் வாங்காதீர்கள்!

கம்ப்யூட்டர் இதழில் மீன் தொட்டி பம்ப்புக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர் செய்யும் தவறைத்தான் பவளத் தொட்டி வைப்பவரும் செய்கிறார். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் உள்ள எண்ணைப் பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிடுகிறார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான் செய்தான். (நம் நாட்டில் உயிருள்ள கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வீட்டில் வைப்பது குற்றம். இதைப் படித்துவிட்டு மீன் கடையில் விசாரிக்காதீர்கள்!) அவன் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 255 லிட்டர் பிடிக்கும். அதில் கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா, சதைப்பற்றான சுத்தியல் பவளம், மென்மையான காளான் பவளம் மூன்றும் இருந்தன. இப்படிக் கலந்து வைப்பதைத்தான் மிக்ஸ்ட் ரீஃப் என்கிறார்கள்.

மணிக்கு 17,000 லிட்டர் தள்ளும் ஒரே பம்ப்பை வாங்கி முழு வேகத்தில் ஓடவிட்டான். இரண்டே வாரத்தில் சுத்தியல் பவளத்தின் சதை எலும்புக்கூட்டிலிருந்து கிழிந்து போயிற்று. மணல் முழுவதும் ஒரு மூலையில் குவிந்தது. பாறைக்குப் பின்னால் கழிவு அப்படியே தேங்கி நின்றது. பம்ப்பில் எந்தக் குறையும் இல்லை, தேர்வில்தான் குறை.

பவளம் இடம் விட்டு இடம் போகாது. உணவும் ஆக்ஸிஜனும் தண்ணீரோடுதான் அதைத் தேடி வர வேண்டும். கழிவையும் தண்ணீர்தான் கழுவிப் போக வேண்டும். அக்ரோபோரா அலை மோதும் இடத்தில் வளர்வது. அதற்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் மணிக்கு 40 மடங்கு ஓட்டம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சுத்தியலுக்கு 20 மடங்கு போதும், காளானுக்கு அதைவிடக் குறைவு. 17,000-ஐ 255-ஆல் வகுத்துப் பாருங்கள், 66 மடங்குக்கு மேல் வரும். அதுவும் ஒரே திசையில், குழாயிலிருந்து பீய்ச்சி அடிப்பது போல!

பென்டியம் 4 காலம் நினைவிருக்கிறதா? 2004-ல் 3.8 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றினார்கள். 2006-ல் அதைவிடக் குறைந்த ஜிகாஹெர்ட்ஸில் ஓடிய கோர் 2 டுயோ வந்து அதை முந்தியது. பம்ப்பிலும் இதே கதைதான். ஒரு பெரிய பம்ப்பை விட, வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடிய 5,000 லிட்டர் பம்ப் இரண்டு வாங்குவதே மேல் என்பது என் கருத்து. எதிரெதிர் பக்கத்தில் மாட்டி, மாறி மாறி ஓடவிடுங்கள். ஓட்டம் நடுவில் மோதிச் சிதறும். அக்ரோபோராவை மேலே வையுங்கள், சுத்தியலைக் கீழே ஓரமாக, காளானைப் பாறை மறைவில். விலை சற்றுக் கூடத்தான் செய்யும், ஆனால் செத்த பவளத்தின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

யூனிட்டையும் கவனியுங்கள். மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்பிக் கொள்வது போல இங்கே கேலனும் லிட்டரும். 1,000 அமெரிக்க கேலன் என்றால் 3,785 லிட்டர்.

கீழ்த் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் வேறு ரகம். உயரம் கூடக் கூட அது தள்ளும் அளவு குறையும். டப்பாவில் உள்ள எண் உயரமே இல்லாதபோது கிடைப்பது. எத்தனை அடிக்கு எத்தனை லிட்டர் என்ற வரைபடத்தைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் வரைபடம் இல்லை என்றால் வேறு பம்ப்பைப் பாருங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும்? நமக்கு சேவ் செய்யாத ஃபைல் போகும். அங்கே தண்ணீர் நின்று, ஆக்ஸிஜன் குறைந்து, மீன்தான் முதலில் மூச்சுத் திணறும். பேட்டரி இணைக்க வசதியுள்ள டிசி பம்ப் ஒன்றாவது தொட்டியில் இருக்கட்டும். ஹீட்டரையும் விளக்கையும் பேட்டரியில் மாட்ட வேண்டாம், பம்ப் ஓடினால் போதும்.

இன்னொன்று. மொபைல் ஆப் இல்லாமல் வேகத்தை மாற்றவே முடியாத பம்ப்புகளும் இப்போது விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனி நாளை ஆப்பைக் கைவிட்டால் என்ன செய்வது? கையால் திருக ஒரு குமிழோ பட்டனோ இருந்தால்தான் வாங்கலாம் என்பேன்.

அக்கா மகன் இப்போது இரண்டு சிறிய பம்ப்புக்கு மாறிவிட்டான். புதிய சுத்தியல் பவளம் மெல்ல அசைந்து கொண்டிருப்பதை வீடியோ எடுத்து அனுப்பினான். அந்தப் பெரிய பம்ப் உப்புத் தண்ணீர் கலக்கும் டிரம்மில் ஓடுகிறது. அந்த வேலைக்கு அது பிரமாதமாம்.