முப்பது முட்டையும் ஒரு வேகத்தடையும்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பைக் ஓட்டியவருக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான், தோவாளைச் சந்தையிலிருந்து பூக் கொண்டு போகிறவரின் பின்சீட்டுப் பெட்டியையும் பிடித்து இழுக்கிறது. லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது காற்று ஒரு நொடி மறைகிறது. லாரி போனதும் மறுபடி வந்து அறைகிறது. வண்டி தள்ளாடுவது அந்த இரண்டாவது அறையில்தான்.

பெட்டிக்குள் இருப்பது தோவாளை மாணிக்க மாலையாக இருக்கலாம். புவிசார் குறியீடு பெற்ற மாலை அது. அரளிப் பூவை மாணிக்கக் கல் பதித்ததுபோல் மடித்து மடித்துக் கட்டுகிறார்கள். நாலு மடிப்பு கசங்கினால் கட்டியவரின் உழைப்பு போயிற்று. அதனால் அகலமான பெட்டியைவிட, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கும் தாழ்வான பெட்டியே நல்லது. காற்றுக்குப் பிடிமானம் குறையும்.

முட்டையின் கதை வேறு. 1911இல் கனடாவில் ஜோசப் காயில் என்ற பத்திரிகைக்காரர், முட்டை உடைந்து வந்ததால் எழுந்த ஒரு தகராறைப் பார்த்துவிட்டுத்தான் குழி வைத்த காகித அட்டையைச் செய்தார். நம் ஊர் அட்டையில் 30 குழி. ஏழு அட்டை அடுக்கினால் 210 முட்டை, ஏறக்குறைய 12 கிலோ. ஒவ்வொரு அட்டையையும் குறுக்காகத் திருப்பி அடுக்கினால்தான் மேலட்டை கீழே இருக்கும் முட்டைமேல் உட்காராது.

இறுக்கிக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கயிறு ஓரத்து முட்டைகளைத்தான் முதலில் நொறுக்கும். மேலே ஒரு பலகை, அடியில் மடித்த சாக்கு, கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப்: கடைகளுக்கு முட்டை போடுகிறவர்கள் காசு செலவில்லாமல் கண்ட வழி இது.

எங்கே வைக்கிறோம் என்பது எப்படிக் கட்டுகிறோம் என்பதைவிட முக்கியம். பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் சுமைதான் அதிகம் தூக்கிப் போடப்படும். முன்சக்கரமும் இலேசாகி ஹேண்டில் அலையும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, தாழ்வாக இருப்பது குலுங்குவது குறைவு. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, சிறு வியாபாரிகளின் வண்டியாக ஆனதற்கு விலை மட்டும் காரணமல்ல. காலுக்கு முன்னால் ஒரு சாக்குமூட்டை நிற்க அதில் இடமிருந்தது.

சட்டமும் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020இல் அறிவித்தபடி, பைக்கில் பொருத்தும் பெட்டி 550 மில்லிமீட்டர் நீளம், 510 அகலம், 500 உயரத்தைத் தாண்டக் கூடாது. பின்சீட்டில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம். நியாயமான விதி. அதைக் கடைப்பிடிக்கும்படி வியாபாரியிடம் கேட்க அரசுக்கு உரிமை உண்டு.

ஆனால் சாலைக்கும் விதி இருக்கிறதே! இந்தியச் சாலைகள் பேராயம் 1988லேயே வேகத்தடைக்கு அளவு சொல்லிவிட்டது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அந்த மேட்டை 25 கிலோமீட்டர் வேகத்தில் பெரிதாகக் குலுங்காமல் கடக்கலாம். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை, மேட்டின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை என்பதும் விதிதான். நம் ஊர்ச் சாலைகளில் பார்ப்பதோ, ஒரு முழ அகலத்தில் வரப்புபோல் நிற்கும் தார்க்கட்டி. பலகை இல்லை, பட்டை இல்லை. எப்படிக் கட்டினாலும் அதில் முட்டை உடையும். பல நேரம் ஆளும் விழுவார்.

ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து கேரளத்துக்குப் பூ மலைமலையாகப் போகும். அதற்கு முன்பாவது செண்பகராமன்புதூர், பூதப்பாண்டி பக்கத்து இணைப்புச் சாலைகளில் இந்த வரப்புகளைச் செதுக்கிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு நாளாகும் என்றால் வண்ணமாவது அடிக்கட்டும். விடியுமுன் இருட்டில் வண்டியெடுக்கிற பூக்காரர், முகப்பு விளக்கில் அந்த வெள்ளைப் பட்டை தெரிந்தால் முன்கூட்டியே பிரேக்கைத் தொட்டுவிடுவார்.