எந்தக் கதவைத் தட்டுவது?

மலேசியாவில் 2021ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் விண்ணப்பிக்காமலேயே வாக்காளர்களாகப் பதிவு பெறுகின்றனர். வாக்களிப்பதற்குத் தேர்வு எதுவும் எழுத வேண்டியதில்லை. அதுவே முறை. வாக்குரிமை என்பது மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசன்று. குடிமக்கள் எல்லாருக்கும் உரியது.

ஆயினும், அரசாங்கம் இயங்கும் முறையை அறியாதவரால் அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. மக்களவையில் 222 உறுப்பினர்கள் உள்ளனர் என்று மனனம் செய்தால் மட்டும் போதுமா? வீட்டின் முன் உள்ள கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் முறையிடுவது? அதனைத் துப்புரவு செய்வது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. மன்றம் அசட்டையாக இருந்தால் என்ன செய்வது? மாநிலங்களில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசாங்கமே நியமிக்கிறது. எனவே, மக்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரிடம் கேள்வி எழுப்பலாம். இதனை அறியாதவர் அலுவலகம் அலுவலகமாக அலைவார். அதற்குள் தேங்கிய நீரில் கொசுக்கள் பெருகிவிடும்.

ஆகவே, குடிமக்களின் அறிவைச் சோதிக்கும் வினாக்கள் மாற வேண்டும். ‘எத்தனை பேர்?’ என்று கேட்பதோடு, ‘யாருடைய பொறுப்பு?’ என்றும் கேட்க வேண்டும். இன்றைய மாணவர்கள் சில ஆண்டுகளில் வாக்காளர்கள் ஆவார்கள். தட்ட வேண்டிய கதவை அவர்கள் இப்பொழுதே அறிந்துகொள்வது நன்று.