பகடைக்கு முன்னால் பதினொருவர்

மேசை மீது சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் கற்பனையுலக விளையாட்டுகளில் ‘பிளட் பவுல்’ விசித்திரமானது. போர் போதும், இனி பந்தாடுவோம் என்று ஓர்க்குகளும் எல்ஃப்களும் குள்ளர்களும் தீர்மானித்துவிட்ட ஓர் உலகம் அது. ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைக்க, இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. அமெரிக்கக் கால்பந்தின் மீதான பகடி என்பது வெளிப்படை. அவ்வுலகத்தார் வணங்கும் ‘நஃபிள்’ என்ற தெய்வத்தின் பெயரே என்.எஃப்.எல். என்னும் மூன்றெழுத்தைச் சேர்த்து வாசித்ததில் கிடைத்ததுதான்.

இதைக் கற்க விரும்புவோருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, பெரிய பெட்டி ஒன்றை வாங்கி, பொம்மைகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, பிறகு ஆடுங்கள் என்பது. நாம் இதை ஏற்கவில்லை. வண்ணம் தீட்டுவது தனியொரு கலை. அதில் மூழ்கி, ஒரு ஆட்டமும் ஆடாமலே விலகிப்போகிறவர்கள் உண்டு. முதல் பதிப்பில் வந்த வீரர்கள் வெறும் அட்டைத் துண்டுகள் என்பதை நினைவுகூர்வது நல்லது. 26-க்கு 15 கட்டங்கள் வரைந்த ஒரு தாள், எதிரெதிரே பதினொரு அட்டைகள், சில பகடைகள் போதும். நிறுவனம் இவ்விளையாட்டைக் கைவிட்டிருந்த ஆண்டுகளில் இதை உயிரோடு வைத்திருந்தவர்கள் ரசிகர்களே. 2016-இல் வந்த புதுப் பதிப்பு அவர்களுக்குத்தான் கடன்பட்டிருக்கிறது.

உண்மையில் கற்கவேண்டியது ஒரே ஒரு விதி. நம் வீரன் ஒருவன் தன் முயற்சியில் தவறி விழுந்தால், அல்லது பந்தை எடுக்கத் தவறினால், நம் முறை அந்த நொடியே முடிந்துவிடும். மீதிப் பத்துப் பேர் அசையாமல் நிற்க வேண்டியதுதான். பாதிக்கு எட்டு முறை, மொத்தம் பதினாறு. இதில் ஒன்றை இழப்பது சிறிய இழப்பல்ல. ஆகவே யாரை முதலில் நகர்த்துவது என்பதே இந்த விளையாட்டின் முழுச் சிந்தனையும். எதிரி பக்கத்தில் இல்லாத வீரன் தன் எல்லைக்குள் நடப்பதற்குப் பகடை தேவையில்லை. அவன் முதலில் நகரட்டும். பந்தை எடுப்பதற்கு, சாதாரணத் திறனுள்ளவனுக்கு மூன்றில் ஒரு பங்கு தோல்வி. தாக்குதலில் கணக்கு இன்னும் சுவையானது. சம வலிமையில், தற்காப்புத் திறன் எதுவும் இல்லாமல், ஒரு பகடை கொண்டு மோதினால் நாமே விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. பக்கத்தில் ஒரு தோழனை நிறுத்தி வலிமையைக் கூட்டிக்கொண்டால் இரு பகடைகள் கிடைக்கும், விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆபத்து ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். ஒரு அடி தள்ளி நின்ற துணைவன் இத்தனையைச் செய்கிறான். அதிர்ஷ்டத்தைப் பழிக்கும் புதியவர்களில் பெரும்பாலோர் இந்தத் துணைவனை நிறுத்த மறந்தவர்களே.

எந்த அணி? மனிதர்களோ ஓர்க்குகளோ போதும். ஹாஃப்லிங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும்: எதிரணியின் மறுவாய்ப்புகளைக் களவாடும் தலைமைச் சமையற்காரன், தோழர்களைத் தூக்கியெறியும் மரமனிதன் என்று அந்த அணி அத்தனை வேடிக்கையானது. ஆனால் அவர்கள் தோற்பதற்கென்றே பிறந்தவர்கள். தோல்வியை ரசிக்கத் தெரிந்த பிறகு அவர்களிடம் போகலாம்.

நம் வற்புறுத்தல் ஒன்றே ஒன்று: தனி ஆட்டத்தோடு நின்றுவிடாதீர்கள், தொடராக ஆடுங்கள். 10 லட்சம் பொற்காசுகளில் வாங்கிய அணி ஆட்டத்துக்கு ஆட்டம் அனுபவம் பெறும், காயமும் படும். இறந்தவன் இறந்தவன்தான், அடுத்த வாரம் எழுந்து வரமாட்டான். மருத்துவன் ஒருவன் கூடவே இருந்தாலும் அவன் ஒரு ஆட்டத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடியும். தொடக்கக்காரர்கள் விலகிச்செல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: மூன்று ஆட்டங்களில் வளர்த்த பந்தெறிபவன் நான்காவதில் போய்விடுகிறான், அணித்தாளும் தூக்கியெறியப்படுகிறது. நமக்கோ, விளையாட்டு கதையாக மாறும் இடம் இதுவே எனத் தோன்றுகிறது. மற்ற மேசைப் போர்களில் மறுநாள் எல்லாரும் பெட்டியிலிருந்து முழுதாக எழுந்து வருகிறார்கள். அவர்கள் பெயரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இங்கே 50,000 காசு பெறும் ஒரு சாதாரண மனித வீரன்கூட, இருமுறை அடி வாங்கிப் பிழைத்தபின், நாம் பயத்தோடு நகர்த்தும் ஒருவனாகிவிடுகிறான்.

அணியில் பதினொருவர் தேறாத ஆட்டத்துக்குக் கூலி வீரர்கள் இலவசமாகச் சேர்வார்கள் என்று விதி சொல்கிறது. ஒவ்வொரு தொடக்கத்திலும் மூவரை நடுக்கோட்டில், எதிரியின் முதல் அடிக்கு எதிரே, நிறுத்தியாகவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மூவரில் இந்தக் கூலிக்காரனை நிறுத்துங்கள். ஆனால் அவனுக்கும் ஒரு பெயர் எழுதிவிடுங்கள்.