தீட்டு வேறு, தொற்று வேறு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து நிறைவு பெறுகிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு வள்ளுவர் நின்றுவிடவில்லை. நோயாளியின் அருகிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவரையும் நான்காம் கூறாக வைத்து, ‘உழைச்செல்வான்’ எனப் பெயரிட்டார். சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாய்க்குரிய ‘செவிலி’ என்னும் சொல்லை இந்நான்காம் கூற்றினர்க்கு வழங்கிய பெருமை இக்காலத் தமிழுக்கு உரியது. ‘செவிலியர்’ என்று சொல்லும்போதே தாயன்பு நினைவுக்கு வருகிறது. ஆயினும் அன்பு மட்டுமே செவிலியர் பணி ஆகிவிடாது. அறிவோடு கூடாத அன்பு நோயாளிக்குத் தீங்காகவும் முடியும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோடை விடுமுறையில் செங்கல்பட்டு வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் மாணவத் தொண்டர்களாகச் சிலர் சென்றிருந்தோம். மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களிலிருந்து வந்த மீனவர் பலர் அங்கே இருந்தனர். வலைக்கயிறு அறுத்த கை, மீன்முள் தைத்துச் சீழ்கட்டிய விரல், நீரிழிவால் ஆறாத கால்புண் என அவர்தம் துன்பங்கள் பலவகை. அவர்களுக்கு உடனே உதவிட வேண்டும் என்னும் துடிப்போடு நின்ற எங்களை, மூத்த செவிலியர் ஒருவர் முதல் நாள் நோயாளிகளிடம் அனுப்பவில்லை. குழாயடிக்கு அழைத்துச் சென்றார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று முறைப்படி சோப்பிட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடிகள் ஆகும் என்று செய்து காட்டினார். நோயாளிக்கு நாங்கள் செய்யத்தக்க முதல் உதவி அதுவே என்றார்.

இப்பாடத்தின் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. வியன்னா நகரின் மகப்பேற்று மருத்துவமனையில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பணிபுரிந்த பிரிவில், 1846ஆம் ஆண்டு நூறு தாய்மார்க்கு ஏறத்தாழ 11 பேர் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் மாண்டனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்த கைகளோடு அவர்கள் தாய்மாரைத் தொட்டதே காரணம் என உணர்ந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், 1847ஆம் ஆண்டு குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவும் விதியைக் கொணர்ந்தார். 1848ஆம் ஆண்டில் சாவு நூற்றுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது. அம்மருத்துவர்கள் கொடியவர் அல்லர்; குணப்படுத்தவே தொட்டனர். தொட்ட கையோ நோயைக் கொண்டு சென்றது. தொண்டு செய்ய விழையும் ஒவ்வொருவரும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய வரலாறு இது.

கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலக நல்வாழ்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டு வகுத்தளித்தது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை குன்றாது செய்யவேண்டிய சிகிச்சைக்கு முன், குருதி முதலிய உடல்நீர்கள் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவருடைய கட்டில் முதலிய சூழலைத் தொட்ட பின் என்பன அவை. முதல் இரண்டும் நோயாளியைக் காப்பதற்கானவை. கையுறை அணிந்தாலும் இக்கடமை நீங்காது. ஒரே கையுறையோடு கட்டில்தோறும் செல்பவர், கழுவாத கையோடு செல்பவரினும் சிறந்தவர் அல்லர்.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். ‘ஒருவரைத் தொட்டவுடன் கைகழுவினால், அவரை இழிவுபடுத்துவது ஆகாதா?’ என்பர். தீண்டாமையின் வடு ஆறாத நம் நாட்டில் இவ்வினாவைப் புறந்தள்ள இயலாது. விடை தேட நெடுந்தொலைவு செல்லவும் வேண்டா. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளர்க்கென உருவான மருத்துவ நிலையம், 1955ஆம் ஆண்டு நடுவண் அரசின் பொறுப்பில் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. அதற்கு முன்பே இராபர்ட் காக்ரேன் என்னும் அறிஞர் அங்கே பணியாற்றினார். 1940களின் பிற்பகுதியில் அவரைக் காண வந்த வேலூர் அறுவை மருத்துவர் பால் பிராண்டு, மடங்கிப்போன நோயாளியின் கையைத் தம் கையால் பற்றினார். அக்கையில் வலிமை குன்றாதிருந்தது கண்டு வியந்தார். செயலிழந்த கைகளை அறுவையால் சீராக்கும் அவரது பெரும்பணிக்கு அத்தொடுகையே வித்திட்டது.

ஊரார் அஞ்சி விலக்கிய கையை மருத்துவர் பற்றினார். தொழுநோய் எளிதில் தொற்றாது என்பதையும், பெரும்பாலோர்க்கு இயற்கையிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு என்பதையும் இன்று அறிவியல் நன்கு நிறுவியுள்ளது. தீட்டு என்பது மனிதரை விலக்கும். தொற்றுக் கட்டுப்பாடு கிருமியை விலக்கும். தீட்டு பிறப்பையும் தோற்றத்தையும் பார்க்கும். தொற்றுக் கட்டுப்பாடோ செல்வர், வறியர், அதிகாரி, கூலியாள் என்று பாராது எல்லார்க்கும் ஒன்றுபோல் நிற்கும். தீட்டு தொடாதே என்னும்; தொற்றுக் கட்டுப்பாடு தூய கையோடு தொடு என்னும். ஆகவே நோயாளியின் கண்ணெதிரே, தொடுவதற்கு முன்னரே கைகழுவி, ‘ஐயா, உங்கள் புண்ணில் அழுக்குப் படக்கூடாது என்பதற்காகவே கழுவுகிறேன்’ என்று ஒரு சொல் சொன்னால், அவர் மனம் குளிரும்.

தடுப்பூசி ஒன்றே போதும் என்று எண்ணுவோர்க்கும் இம்மண் விடை தந்துள்ளது. பிசிஜி தடுப்பூசி பற்றிய பேராய்வு 1968ஆம் ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிற்று. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளினின்று காக்கும் அவ்வூசி, பெரியோரை நுரையீரல் காசநோயினின்று காக்கவில்லை என்பதே 1979ஆம் ஆண்டு முதல் வெளிவந்த முடிவு. எனவே காற்றோட்டமுள்ள சாளரம், இருமும்போது வாயை மூடுதல், முகக்கவசம், இடையில் நிறுத்தாத மருந்து ஆகிய எளிய ஒழுங்குகள் இன்றும் இன்றியமையாதன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரையைச் சூறையாடியபோது கொள்ளைநோய் வருமென நாடே அஞ்சிற்று. குடிநீரில் குளோரின் கலந்தும், குழந்தைகட்குத் தட்டம்மை ஊசியிட்டும் நலப்பணியாளர் உழைத்தனர். அஞ்சியவாறு பெருங்கொள்ளைநோய் பரவவில்லை.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. நோயுற்றாரை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. அகழ்ப்போரின்போது காயமுற்றோர்க்குக் கூடாரம் அமைத்துப் பணிவிடை செய்த ருஃபைதா அம்மையாரைப் போற்றும் மரபு நம்முடையது. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் புகவும் வேண்டா, அங்கிருந்து வெளியேறவும் வேண்டா என்று அறிவுறுத்தியதும் அதே மார்க்கமே. ஆதலின் குடும்பத்தோடு திரண்டு சென்று கட்டிலில் அமர்வதும், கைக்குழந்தைகளை நோயாளிக் கூடத்துக்குள் கொண்டு செல்வதும், சளி இருமலோடு நலம் விசாரிப்பதும் தவிர்க்கத்தக்கன. இருவராய்ச் சென்று, கைகழுவி, சிறிது நேரம் ஆறுதல் கூறித் திரும்புவதே நோயாளிக்கு நன்மை.

கல்லூரிகள் செய்யத்தக்கன சில உள. நாட்டு நலப்பணித் திட்ட மாணவரை மருத்துவமனைக்கு அனுப்புமுன் செவிலியரைக் கொண்டே பயிற்சி அளித்தல் வேண்டும். கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முன்கூட்டியே செலுத்துதல் வேண்டும். குருதி தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், பயன்படுத்திய ஊசி துளைபடாத வெண்கலத்திலும் சேர வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதிகளை மாணவர் அறிதல் வேண்டும். ஆனால் ஊசியை அவர்கள் தொடலாகாது. சக்கர நாற்காலி தள்ளுதல், படிவம் நிரப்புதல், வழிகாட்டுதல், ஆறுதலாகப் பேசுதல் ஆகியனவே அவர்க்குரிய பணிகள். குழாயில் நீரும் கழுவச் சோப்பும் இல்லாத இடத்தில் செவிலியரைக் குறைகூறுதல் அறமன்று. அவற்றைத் தருவது நிருவாகத்தின் பொறுப்பு.

தமிழ்த்துறை மாணவர்க்கென்றே ஒரு பணி காத்திருக்கிறது. மருத்துவமனைச் சுவர்களில் உள்ள அறிவிப்புகள் பல, படிப்பவரை மிரட்டுகின்றன. அல்லது விளங்காத மொழியில் நிற்கின்றன. கடலோரத்து மூதாட்டிக்கு ஒருவர் படித்துக் காட்டினால் உடனே விளங்கும் எளிய தமிழில் அவற்றை எழுதித் தருவோமாயின், அதுவும் உயிர்காக்கும் தொண்டே.

புறத்தூய்மை நீரால் அமையும், அகத்தூய்மை வாய்மையால் விளங்கும் என்பது வள்ளுவர் கருத்து. நோயாளிக் கூடத்தில் இவ்விரண்டும் ஒன்றாகின்றன. இரவில், எவரும் பாராத வேளையில், ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்பவர் கைகழுவினாரா என்பதை அவரன்றி வேறெவரும் அறியார். அங்கே நீரால் கழுவுவதே வாய்மை. அவ்வாய்மை உடையாரே உழைச்செல்வார் என்னும் பெயர்க்கு உரியவர்.